மாணவர் இசைக் காணொளி: படப்பிடிப்புக்கு முந்தைய ஆயத்தம்

மாணவர் இசைக் காணொளி என்பது, ஏற்கெனவே பதிவான ஒரு பாடலுக்குப் பள்ளி அல்லது கல்லூரி மாணவர்கள் தங்கள் பாடத்தின் பகுதியாக எடுக்கும் குறுங்காட்சிப் படம். கேமராவை இயக்குவதற்கு முன் அதற்காக நடக்கும் எல்லா வேலைகளும் முன்தயாரிப்பு எனப்படும். பாடலைத் தேர்வது, உரிமையாளரிடம் அனுமதி கேட்பது, பாடலை நொடிக்கணக்கில் பிரிப்பது, காட்சிகளை வரைவது, இடம் பார்ப்பது, ஒத்திகை பார்ப்பது ஆகியவை இதில் அடங்கும்.

கதைப்படத்தின் நீளம் வெட்டி ஒட்டி முடித்த பிறகே உறுதியாகும். இசைக் காணொளியின் நீளமோ முதல் நாளே தெரியும். பாடல் 3 நிமிடம் 12 நொடி என்றால் காணொளியும் 3 நிமிடம் 12 நொடிதான். எந்த நொடியில் தாளம் மாறும், எந்த நொடியில் குரல் நின்று கருவிகள் மட்டும் ஒலிக்கும் என்பதெல்லாம் கைக்கு வந்துவிட்ட செய்திகள். பணமும் நேரமும் ஆளும் குறைவாக உள்ள மாணவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. இந்த ஆயத்தத்தின் முறைகள் பெரும்பாலும் இந்த ஓர் உண்மையிலிருந்து பிறந்தவை.

சொற்கள்

தமிழ்த் திரையுலகிலும் விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் வகுப்புகளிலும் இது ‘ப்ரீ புரொடக்‌ஷன்’ என்றே வழங்குகிறது. ஒரு காட்சியைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதுவதற்கு ‘ஷாட் டிவிஷன்’ என்று பெயர். கேமரா ஓடாமல் நடத்திப் பார்க்கும் ஒத்திகை ‘மானிட்டர்’. நடிப்பவர் கையாளும் பொருள்கள் ‘ப்ராப்பர்ட்டி’. யார், எங்கே, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று எழுதி எல்லோருக்கும் கொடுக்கும் தாள்தான் ஆங்கிலத் திரையுலகின் கால்ஷீட். தமிழில் அந்தச் சொல் பொருள் மாறி, நடிகர் ஒதுக்கித் தரும் நாள்களைக் குறிக்கலாயிற்று. அதனால் வெளிநாட்டுப் பாடநூலைப் படிக்கும் தமிழ் மாணவர் முதலில் சற்றுத் தடுமாறுவதுண்டு.

முன்வரலாறு

பாட்டுக்குப் படம் திட்டமிடும் கலை, திரைப்படத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1894இல் நியூயார்க்கில் எட்வர்ட் மார்க்ஸ், ஜோசப் ஸ்டெர்ன் என்ற இருவர் ‘தி லிட்டில் லாஸ்ட் சைல்ட்’ என்ற தங்கள் பாடலின் இசைத்தாள்களை விற்க ஒரு வழி கண்டார்கள். ஆட்களை வேடமிட்டு நிற்கவைத்து நிழற்படம் எடுத்து, அந்தப் படங்களைக் கண்ணாடிச் சில்லுகளாக்கி, மாய விளக்கு என்ற படம்காட்டும் கருவியால் அரங்கின் திரையில் விழவைத்தார்கள். மேடையில் ஒருவர் பாடப்பாடப் படங்கள் மாறின. இதைத் தொடர்ந்து படப்பாடல் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. ஒரு பாடலுக்குப் பத்துப் பதினைந்து சில்லுகள், அவற்றுக்குக் கையால் வண்ணம், கடைசிச் சில்லில் கூட்டம் சேர்ந்து பாடுவதற்காகப் பல்லவியின் சொற்கள் என்று அதற்கு ஒரு வடிவமும் அமைந்தது. எந்த அடிக்கு எந்தப் படம் என்று முன்கூட்டி முடிவு செய்யாமல் ஒரு சில்லைக்கூட எடுக்க முடியாது. இன்று மாணவர் கட்டங்களில் வரையும் ஸ்டோரிபோர்டின் மூதாதை என்று இந்தச் சில்லு வரிசையைக் கொள்வதே பொருத்தம்.

அடுத்த அடி பாரிஸில் வைக்கப்பட்டது. கோமோன் நிறுவனத்தில் 1902 முதல் ‘ஃபோனோசீன்’ என்ற குறும்படங்களை இயக்கியவர் ஆலிஸ் கீ. உலகின் முதல் பெண் திரைப்பட இயக்குநராக அறியப்படுபவர் அவர். பாடகர் முதலில் ஒலிப்பதிவுக் கருவியின் முன் பாடுவார். பிறகு அந்தப் பதிவு ஒலிக்க, கேமராவின் முன் நின்று அதற்கேற்ப வாயசைப்பார். பாட்டை முதலில் முடி, படத்தைப் பிறகு எடு என்னும் வரிசை இவ்வாறு நிலைபெற்றது. இசைக் காணொளியின் இலக்கணத்தில் இதற்கு மிஞ்சிய விதி இல்லை.

தாளத்தை எண்ணாக மாற்றும் வழியைக் கார்ட்டூன் படக்காரர்கள் கண்டார்கள். 1928இல் வால்ட் டிஸ்னியின் ‘ஸ்டீம்போட் வில்லி’ உருவானபோது, வில்ஃபிரட் ஜாக்சன் என்ற இளைஞர் தாளமானியைக் கொண்டு ஒரு வழி சொன்னார். நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. நொடிக்கு இரண்டு தாள அடிகள் என்று வைத்துக்கொண்டால் ஓர் அடிக்குச் சரியாக 12 படங்கள். இந்தக் கணக்கை வைத்து இசைக்கும் அசைவுக்கும் பொதுவான ஒரு தாளை அவர்கள் உருவாக்கினார்கள். ஒரு வரியில் இசை, அதன் கீழே அதே நொடியில் நடக்க வேண்டிய செயல் என்று அது அமைந்தது. சில ஆண்டுகளில் அதே நிறுவனத்தில் வெப் ஸ்மித் என்ற கதைக் கலைஞர் காட்சிகளைத் தனித்தனித் தாளில் வரைந்து சுவர்ப் பலகையில் குத்திவைக்கும் பழக்கத்தைத் தொடங்கினார். 1933இல் வந்த ‘த்ரீ லிட்டில் பிக்ஸ்’ முழுவதும் இம்முறையில் திட்டமிடப்பட்ட முதல் படமாகக் கருதப்படுகிறது. குத்திய தாளைப் பிடுங்கி வேறிடத்தில் குத்தலாம் என்பதுதான் இதன் பெருமை. கதையை மாற்ற ஒரு குண்டூசி போதும். படம் எடுத்த பிறகு மாற்றினால் செலவு எத்தனையோ மடங்கு.

1940இல் அமெரிக்காவில் ‘சவுண்டீஸ்’ வந்தன. உணவகங்களிலும் மதுக்கடைகளிலும் வைக்கப்பட்ட ‘பனோரம்’ பெட்டியில் பத்து சென்ட் காசு போட்டால் மூன்று நிமிடப் பாட்டுப்படம் ஒன்று ஓடும். சிகாகோவின் மில்ஸ் நாவல்டி நிறுவனம் அந்தப் பெட்டிகளைச் செய்தது. ஒரே சுருளில் எட்டுப் படங்கள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்ததால் பார்ப்பவர் தனக்குப் பிடித்ததைத் தேர முடியாது. இங்கும் பாட்டு முன்பே பதிவானது. கலைஞர்கள் படப்பிடிப்பில் வாயசைத்தார்கள். 1960இல் பிரான்சில் வந்த ‘ஸ்கோபிடோன்’ பெட்டி வண்ணப் படங்களைத் தந்தது. விரும்பியதைத் தேரவும் விட்டது.

இந்த இடத்தில் தமிழ்த் திரையுலகை விட்டுவிட முடியாது. 1938இல் ஏவி. மெய்யப்பன் தயாரித்த ‘நந்தகுமார்’ படத்தில் பின்னணிப் பாடல் முறை தமிழுக்கு வந்தது. அதன்பின் பாடலை முதலில் பதிந்து, படப்பிடிப்புத் தளத்தில் அதை ஒலிக்கவிட்டு, நடிகரை வாயசைக்கச் சொல்வது தமிழ்ப் படங்களின் அன்றாடமாயிற்று. சுவிட்சர்லாந்தில் ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1951இல் உருவாக்கிய நாக்ரா என்ற கையடக்க ஒலிப்பதிவுக் கருவி நம் தளங்களுக்கு வந்து, பாடலை ஒலிக்கவிடும் வேலைக்கே ‘நாகரா’ என்ற பெயரைக் கொடுத்துவிட்டது. கருவி போய்விட்டது, பெயர் இருக்கிறது. இங்கிலாந்து மாணவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளும் பிளேபேக் ஒழுங்கு, கோடம்பாக்கத்து லைட்பாய்க்கு மனப்பாடம்.

ஆயத்தத்தின் அருமையை விளக்க ஆசிரியர்கள் சில காணொளிகளைத் திரும்பத் திரும்பக் காட்டுவதுண்டு. லண்டன் சவாய் ஓட்டலின் பின்சந்தில் 1965இல் பாப் டிலன் பாட்டின் சொற்களை எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கீழே போட்டுக்கொண்டே நிற்கும் காட்சி அவற்றுள் முதன்மையானது. டி. ஏ. பென்னிபேக்கர் எடுத்தது. ஒரே ஷாட், ஒரே இடம், நடிப்பும் இல்லை. உழைப்பெல்லாம் முன்கூட்டி அட்டை எழுதியதில்தான். குயீன் குழுவின் ‘பொஹிமியன் ராப்சடி’ காணொளியை 1975 நவம்பரில் எல்ஸ்ட்ரீ அரங்கில் புரூஸ் கோவர்ஸ் சுமார் நான்கு மணி நேரத்தில் எடுத்து முடித்தார். இருட்டில் நான்கு முகங்கள் தெரியும் அதன் புகழ்பெற்ற தோற்றம், முந்தைய ஆண்டில் வந்த அவர்களின் இசைத்தட்டு அட்டைக்கு மிக் ராக் எடுத்த நிழற்படத்திலிருந்து வந்தது. என்ன வேண்டும் என்று தளத்துக்குள் நுழையும் முன்பே தெரிந்திருந்ததால்தான் நான்கு மணி நேரம் போதுமாயிற்று. அதைத் தற்செயல் என்பது சரியன்று.

இவை எல்லாவற்றையும்விட மாணவருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு, கெமிக்கல் பிரதர்ஸ் குழுவின் ‘ஸ்டார் கிட்டார்’ பாடலுக்கு மிஷேல் கோன்ட்ரி 2002இல் உருவாக்கிய காணொளி. ஓடும் ரயிலின் சன்னல் வழியே தெரியும் காட்சி மட்டுமே அதில் உண்டு. ஆனால் கடந்துபோகும் ஒவ்வொரு கம்பமும் கட்டடமும் பாலமும் பாட்டின் ஒரு குறிப்பிட்ட ஒலியோடு பொருந்தி வரும். பிரான்சில் நீம், வலான்ஸ் நகரங்களுக்கு இடையே எடுத்த காட்சிகளைக் கொண்டு அதைச் செய்தார்கள். அதற்கு முன் கோன்ட்ரி வரைபடத் தாளில் பாட்டை அடி அடியாகக் குறித்தார். பிறகு ஆரஞ்சுப் பழம், முள்கரண்டி, கேசட், புத்தகம், காலணி போன்ற வீட்டுப் பொருள்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு பொருள் என்று ஒத்திகை பார்த்தார். உலகப் புகழ் பெற்ற இயக்குநர் வீட்டுப் பொருள்களைக் கொண்டு செய்ததை எந்த மாணவரும் செய்யலாம். அதற்குச் செலவு ஒரு தாளும் சில பழங்களும்தான்.

வகைப்பாடு

மாணவர்கள் தங்கள் எண்ணத்தை முடிவு செய்வதற்கு முன், எந்த வகைக் காணொளி என்று தீர்மானிக்க வேண்டும். வழக்கமாக மூன்று வகை சொல்வார்கள்: கலைஞர் பாடுவதையும் வாசிப்பதையும் காட்டும் நிகழ்த்துவகை, கதை சொல்லும் வகை, ஒரு கருத்தை அல்லது தோற்றத்தை மட்டும் பிடித்துக்கொண்டு செல்லும் கருத்துவகை. நடைமுறையில் பெரும்பாலானவை முதலிரண்டின் கலவை.

இதைவிடப் பயனுள்ள பகுப்பை ஆண்ட்ரூ குட்வின் 1992இல் வெளியான ‘டான்சிங் இன் தி டிஸ்ட்ராக்‌ஷன் ஃபேக்டரி’ நூலில் தந்தார். படம் பாட்டோடு எப்படி உறவாடுகிறது என்பதே அவர் கேள்வி. பாட்டு சொல்வதை அப்படியே காட்டினால் அது விளக்கல். பாட்டில் இல்லாத பொருளைச் சேர்த்து அதை வளர்த்தால் பெருக்கல். பாட்டுக்கும் படத்துக்கும் தொடர்பே இல்லை என்று தோன்றினால் விலகல். ‘மழை வருது’ என்ற சொல்லுக்கு மழையைக் காட்டுவது முதலாவது. மழைக்காகக் காத்திருக்கும் ஒரு காய்ந்த ஊரைக் காட்டுவது இரண்டாவது. மூடிய அறையில் ஒருவர் சீட்டுக்கட்டு அடுக்கிக்கொண்டிருப்பது மூன்றாவது. மாணவர்கள் முதல் வரைவில் விளக்கலிலேயே நின்றுவிடுவது இயல்பு. ஒவ்வொரு அடிக்கும் எதிரே இந்த மூன்றில் எது என்று எழுதிப் பார்த்தால் அந்தத் தேக்கம் கண்ணில் படும்.

குட்வினுக்கு முன் 1987இல் ஆன் கப்லான் இசைக் காணொளிகளைக் காதல்வகை, சமூக உணர்வுவகை, சூனியவாதவகை, செவ்வியல்வகை, பின்நவீனவகை என ஐந்தாகப் பிரித்திருந்தார். அது பார்த்து முடித்த காணொளியை அலசும் ஆய்வாளருக்கு உரியது. இசையைப் பற்றி அது பேசுவதில்லை. எடுக்கப்போகிறவர்களுக்குக் குட்வின்தான் வழிகாட்டி.

பாடத்திட்டத்தில் இதன் இடம்

மாணவர் இசைக் காணொளி ஒரு தனி வடிவமாக முதிர்ந்தது இங்கிலாந்தின் ஏ-லெவல் ஊடகவியல் பாடத்தில். 16 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் படிப்பது. ஓ.சி.ஆர். தேர்வு வாரியத்தின் 2008ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஓர் இசைக் காணொளியும், அதோடு இசைத்தட்டு உறையும் இதழ் விளம்பரமும் செய்யலாம் என்று ஒரு பணி இருந்தது. மொத்தம் 100 மதிப்பெண். அதில் ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் 20, ஆக்கத்துக்கு 60, தன்மதிப்பீட்டுக்கு 20. நான்கு பேர் வரை குழுவாகச் சேரலாம். காணொளி எப்படி வந்தாலும், அதை நோக்கிச் சென்ற பாதைக்கும் மதிப்பு உண்டு என்பதை அந்த 20 மதிப்பெண் மாணவர்களுக்கு உணர்த்தியது. கிழித்துப்போட்ட முதல் எண்ணங்கள், இடம் பார்க்கப்போன இடத்தில் எடுத்த படங்கள், பாடகருக்கு எழுதிய கடிதம் எல்லாம் சான்றாகச் சேர்க்கப்பட்டன. 

2017 செப்டம்பரில் தொடங்கிய புதிய பாடத்திட்டங்களில் இது மாறியது. செய்முறைப் பணி மொத்த மதிப்பில் 30 விழுக்காடு ஆயிற்று. ஒவ்வொருவரும் தனியே செய்ய வேண்டும்; பிறர் நடிக்கவும் விளக்குப் பிடிக்கவும் உதவலாம். திட்டமிடல் குறிப்புகளுக்குப் பதிலாக, என்ன செய்யப்போகிறேன், ஏன் என்று சொல்லும் ஒரு சுருக்கமான நோக்க அறிக்கை கேட்கப்படுகிறது. மதிப்பெண் நின்றபின் மாணவர்கள் ஸ்டோரிபோர்டைக் கைவிட்டால் அது பேரிழப்பு.

பாடலும் உரிமையும்

பாடல் தேர்வில்தான் பாதிக் காணொளி தீர்மானமாகிறது. வகுப்பில் எல்லோரும் கேட்கும் புகழ்பெற்ற பாடலை எடுத்தால், அதற்கு ஏற்கெனவே வந்த காணொளி மாணவரின் கண்ணைவிட்டு அகலாது. அறியப்படாத குழுவின் பாடல் நல்லது. தாளம் மாறும் இடங்கள் தெளிவாக இருக்க வேண்டும். ஆறு நிமிடப் பாடலைத் தவிர்ப்பது அறிவு. சொல் குறைவான பாடல் எளிது என்று நினைப்பவர்கள் உண்டு, அது தவறு. வாயசைப்பு இல்லாத ஒவ்வொரு நொடிக்கும் வேறு காட்சி தேட வேண்டியிருக்கும்.

ஒரு பாடலில் இரண்டு உரிமைகள் ஒட்டியிருக்கின்றன. வரியும் மெட்டும் ஒன்று. அதைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு மற்றொன்று. முன்னது எழுதியவர், இசையமைத்தவர் அல்லது அவர்களின் வெளியீட்டாளருக்கும், பின்னது பெரும்பாலும் இசை நிறுவனத்துக்கும் உரியது. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமும் இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டமும் கற்பித்தலுக்காகப் பயன்படுத்துவதற்கு ஓரளவு இடம் கொடுக்கின்றன. அந்த இடம் வகுப்பறை வாசலோடு முடிகிறது. யூடியூபில் ஏற்றினால் நிலைமை வேறு. அங்கே ஒலியைத் தானாக அடையாளம் காணும் முறை 2007 முதல் இயங்குகிறது. ஏற்றிய சில நிமிடங்களிலேயே ஒலி அடைக்கப்படலாம், விளம்பர வருவாய் உரிமையாளருக்குப் போகலாம். சிறிய குழுக்களுக்கு நேரில் எழுதிக் கேட்டால் பெரும்பாலும் மகிழ்ந்து இசைவார்கள். கடிதத்தில் பாடலின் பெயர், எதற்காக, எங்கே காட்டப்படும், பணம் புரளுமா என்ற நான்கும் இருக்க வேண்டும். பதில் வரும்வரை வரையத் தொடங்கலாம். படம் எடுக்கத் தொடங்கக்கூடாது.

நேரத்தாள்

பாடல் கைக்கு வந்ததும் முதல் வேலை அதைக் கண்ணை மூடிக்கொண்டு பலமுறை கேட்பது. இரண்டாவது, அதைப் பிரித்து எழுதுவது. முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், மீண்டும் பல்லவி என்று ஒவ்வொன்றும் தொடங்கும் நொடியைக் குறிக்க வேண்டும். மேற்கத்தியப் பாடல்களில் வரிசை மாறும். சரணம் முன்னும் பல்லவி பின்னும் வரும்.

பிறகு டெம்போ. நிமிடத்துக்கு 100 அடி ஓடும் பாடல் என்றால் ஓர் அடிக்கு 0.6 நொடி. நான்கு அடி சேர்ந்த ஒரு பார் 2.4 நொடி. 3 நிமிடம் 12 நொடிப் பாடல் 80 பார். நொடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும் கேமராவில் ஓர் அடிக்கு 15 ஃபிரேம், ஒரு பாருக்கு 60. இப்போது மாணவரிடம் 80 கட்டங்கள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன தெரிய வேண்டும் என்று நிரப்பினால் போதும். எல்லா டெம்போவும் இப்படி ஒத்துழைக்காது. 120 அடிப் பாடலில் 25 ஃபிரேம் கணக்குக்கு ஓர் அடி பன்னிரண்டரை ஃபிரேம் ஆகும். அப்போது இரண்டிரண்டு அடிகளாகச் சேர்த்து எண்ணலாம். ஒவ்வொரு அடியிலும் வெட்ட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. எங்கே வெட்டப்போகிறோம், எங்கே வேண்டுமென்றே வெட்டாமல் விடப்போகிறோம் என்று தெரிந்து செய்வதுதான் நோக்கம். தொடக்கத்தில் நாலு பார் நீளும் ஷாட், கடைசிப் பல்லவியில் ஒரு பார், அரை பார் என்று சுருங்கினால் பாட்டின் வேகம் கண்ணுக்கும் தெரியும்.

கருத்துருவும் படப்பலகையும்

இசைத் தொழிலில் நிறுவனம் ஒரு பாடலைப் பல இயக்குநர்களுக்கு அனுப்பும். ஒவ்வொருவரும் தங்கள் எண்ணத்தை ஓரிரு பக்கத்தில் எழுதி, மாதிரிப் படங்களோடு திருப்பி அனுப்புவார்கள். அதற்கு ட்ரீட்மென்ட் என்று பெயர். பிடித்த ஒன்றுக்கு வேலை கிடைக்கும். மாணவரும் அதே வடிவில் எழுதுவது நல்லது. கதையைச் சுருக்கிச் சொல்வதோடு நில்லாமல், எந்த நிறம், எந்த ஒளி, கேமரா நகருமா நிற்குமா, பார்ப்பவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே வரியில் சொல்ல முடியாத எண்ணத்தை மூன்று நிமிடத்தில் எடுக்க முடியாது.

நிறமும் உடையும் தோற்றமும் ஒரு தாளில் ஒட்டப்பட்டு மூட் போர்டு ஆகும். அடுத்து ஸ்டோரிபோர்டு. வரையத் தெரியாது என்ற தயக்கம் வேண்டாம். குச்சி மனிதர்கள் போதும். ஆனால் ஆள் சட்டத்தின் எந்தப் பக்கம் நிற்கிறார், முகம் மட்டுமா முழு உருவமா, அவர் பார்வை எந்தத் திசை, கேமரா எங்கே நகர்கிறது என்ற நான்கும் படத்தில் இருக்க வேண்டும். கட்டத்தின் கீழே பார் எண்ணும் அந்த இடத்தில் வரும் பாட்டின் சொல்லும். ஷாட் பட்டியல் மட்டும் எழுதினால் போதும் என்று சொல்பவர்களும் உண்டு. பட்டியலில் ‘நெருக்கம்: பாடகர்’ என்று பத்து முறை எழுதிவிடலாம், ஒன்றும் உறுத்தாது. வரைந்தால் மூன்றாவது முறையே கை சலித்து நின்றுவிடும். ஆகவே முதலில் ஸ்டோரிபோர்டு, அதிலிருந்து பட்டியல் என்ற வரிசையே சரி.

வரைந்த கட்டங்களைப் போனில் படமெடுத்து, எடிட்டிங் மென்பொருளில் பாட்டோடு சேர்த்து அதனதன் நொடிக்கு நீட்டி வைத்தால் அனிமேட்டிக் கிடைக்கும். இது ஒரு மாலை நேர வேலை. கதை எங்கே தொய்கிறது, எங்கே ஒரே மாதிரி மூன்று ஷாட் அடுத்தடுத்து வருகிறது என்பது அதில் பளிச்சென்று தெரியும். இதைச் செய்த குழு படப்பிடிப்பில் இரண்டு மடங்கு தெளிவாக இருப்பதை எந்த ஆசிரியரும் சொல்வார்.

வாயசைப்பு ஒத்திகை

மாணவர் காணொளிகளில் மிகவும் உறுத்தும் குறை வாயசைப்பு. மூச்சில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தால் கழுத்து நரம்பு அசையாது, மார்பு விரியாது. பார்ப்பவருக்குப் பொய் என்று உடனே தெரியும். பாடுபவர் உண்மையிலேயே சத்தமாகப் பாட வேண்டும். அதற்குப் பாட்டு மனப்பாடமாக வேண்டும், மூச்செடுக்கும் இடங்கள் உட்பட. பாட்டை ஒலிக்கவிட உரத்த ஒலிபெருக்கி வேண்டும். போனின் ஒலி கடற்கரைக் காற்றில் கேட்காது. பாட்டுக்கு முன் நான்கு ‘டிக்’ ஒலிகளைச் சேர்த்துவைத்தால் பாடுபவர் தொடங்குவதும் எளிது, எடிட்டிங்கில் பொருத்துவதும் எளிது.

முழுப் பாடலையும் தூரம், நடுத்தரம், நெருக்கம் என மூன்று அளவிலாவது தொடர்ச்சியாக எடுப்பது என்று ஆயத்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இது காப்பீடு போன்றது. வேறு எந்த ஷாட் கெட்டாலும் காணொளி நிற்கும்.

முன்கூட்டித் திட்டமிட்டால் மட்டுமே முடிகிற ஓர் உத்தியும் உண்டு. உடல் மெதுவாக நகர, உதடு மட்டும் பாட்டோடு பொருந்த வேண்டுமானால், பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட்டு நொடிக்கு 50 ஃபிரேமில் எடுத்து 25இல் ஓட்ட வேண்டும். 1983இல் போலீஸ் குழுவின் ‘ராப்ட் அரவுண்ட் யுவர் ஃபிங்கர்’ காணொளியில் இயக்குநர்கள் காட்லியும் கிரீமும் இவ்வாறே பாட்டை வேகமாக ஒலிக்கவிட்டு எடுத்து மெதுவாக ஓட்டினார்கள். வேகமாக்கிய ஒலிக்கோப்பு தளத்துக்குப் போகும் முன்பே தயாராக இருக்க வேண்டும்; பாடுபவர் அந்த வேகத்தில் பழகியிருக்க வேண்டும். இன்னும் கடினமானது, எடுத்ததைப் பின்னோக்கி ஓட்டும் தலைகீழ் முறை. கோல்ட்ப்ளே குழுவின் ‘தி சயன்டிஸ்ட்’ காணொளிக்காகப் பாடகர் கிறிஸ் மார்ட்டின் பாட்டைப் பின்னிருந்து முன்னாகப் பாட ஒரு மாதம் பழகினார். ஓகே கோ குழு நடைப்பயிற்சி இயந்திரங்களின் மேல் ஆடிய 2006ஆம் ஆண்டுக் காணொளி ஒரே ஷாட்டில் அமைந்தது. 17 முறை முயன்றார்கள். தங்கள் இரண்டாவது டேக்கில் சலித்துக்கொள்ளும் மாணவர்களுக்கு இந்த எண்களைச் சொல்வது நல்லது.

இடம், வெளிச்சம், ஆட்கள்

இடத்தை எந்த மணிக்குப் படமெடுக்கப்போகிறோமோ அந்த மணியில் போய்ப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் இந்தப் பணி இலையுதிர் பருவத்தில் நடந்தால் வெளிச்சம் பெரிய சிக்கல். டிசம்பர் நடுவில் லண்டனில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பள்ளி விட்டபின் வெளிப்புறக் காட்சி என்பது நடவாத காரியம். தமிழ்நாட்டில் நடுப்பகல் வெயில் கண்குழியில் கருநிழல் போடும்; காலை எட்டு மணிக்குள்ளோ மாலை நாலரைக்குப் பிறகோதான் முகம் முகமாகத் தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழைநாளுக்கு ஓர் உள்ளரங்க மாற்று ஸ்டோரிபோர்டிலேயே இருக்க வேண்டும்.

சோதனைப் படப்பிடிப்பில் பார்க்க வேண்டியவற்றில் ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரிட்டன், இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளில் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. பல போன்கள் 30 ஃபிரேமில் எடுக்கும்படி அமைந்து வருகின்றன. அதே அமைப்பில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படம் துடிக்கக்கூடும். 25 ஃபிரேமும், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஷட்டரும் வைத்தால் துடிப்பு நிற்கும்.

நடிப்பவர்களிடமும், 18 வயதுக்குக் குறைந்தவரானால் பெற்றோரிடமும், எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். தனியார் இடமானால் உரிமையாளரிடமும், பொதுவிடமானால் உள்ளாட்சி அமைப்பிடமும் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் பல பள்ளிகள் ஆபத்து மதிப்பீட்டுத் தாள் இல்லாமல் கேமராவைத் தருவதில்லை. ஈரத்தரையில் மின்கம்பி, சாலையோரம், நீர்நிலை என ஒவ்வொன்றையும் எழுதி, எப்படித் தவிர்ப்போம் என்பதையும் எழுத வேண்டும். பொம்மைத் துப்பாக்கியைக் காவல்துறைக்குச் சொல்லாமல் தெருவில் தூக்கிக்கொண்டு நடப்பது உயிருக்கே உலை வைக்கும்.

முதல்நாள் இரவு கால்ஷீட் தாள் எல்லோர் கைக்கும் போக வேண்டும். பேட்டரி, மெமரி கார்டு, ஒலிபெருக்கி, உடை, ப்ராப்பர்ட்டி, சாப்பாடு, தண்ணீர், நடிகரின் தாயாரின் தொலைபேசி எண் எல்லாம் அதில் இருக்கும். ஸ்டோரிபோர்டின் வரிசைப்படி எடுக்கக்கூடாது. ஒரே இடத்துக் காட்சிகளைச் சேர்த்து, ஒரே உடைக் காட்சிகளைச் சேர்த்து எடுக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு உடையையும் ஒப்பனையையும் போனில் படமெடுத்து வைப்பது, காட்சிக்குக் காட்சி தோற்றம் மாறாமல் பார்த்துக்கொள்ளும் கன்டினியுட்டிக்கு உதவும்.

இன்றைய நிலை

இப்போது போனிலேயே படமெடுத்துப் போனிலேயே வெட்டி முடிக்கிறார்கள். நிமிர்ந்த சட்டத்தில் பார்க்கும் பழக்கம் பரவியிருப்பதால், ஸ்டோரிபோர்டின் கட்டத்தை அகலமாக வரைவதா உயரமாக வரைவதா என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டின் விஸ்காம் துறைகளிலும் மாணவர்கள் இசைக் காணொளி எடுக்கிறார்கள்.